எழுதாத நாட்களுக்கு விளக்கம் எழுத வேண்டாம்

கேள்வி: சில ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுத முயன்று வருகிறேன். மனம் மிகவும் குழம்பியிருந்த ஒரு காலத்தில், தோழி ஒருவர் சொல்லித் தொடங்கிய பழக்கம் இது. முதல் சில வாரங்கள் ஒழுங்காகப் போகும். ஒரு நாள் விட்டுப்போகும். அதோடு அந்த நோட்டு மூடப்பட்டுவிடும். தொடக்கப் பக்கங்கள் மட்டும் நிரம்பிய நோட்டுகள் அலமாரியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எழுதியதைத் திரும்பப் படித்தால் ஒரே புலம்பலாக இருக்கிறது. கூச்சத்தில் பல பக்கங்களைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. கடைசியாக எழுதியதை அப்படியே தருகிறேன்: "இன்றும் எழுத உட்கார மனம் வரவில்லை. ஐந்து நிமிடம்கூட ஒதுக்கத் தெரியாத சோம்பேறி நான். அக்காவிடம் தொலைபேசியில் எரிந்து விழுந்தேன். எப்போதும் இப்படித்தான். என்னைத் திருத்தவே முடியாது." உன்னை நீயே இப்படிக் கடிந்துகொள்ளாதே என்று தோழி சொல்கிறார். கடிந்துகொள்ளும்போதே இந்த லட்சணம் என்றால், அதையும் விட்டுவிட்டால் நான் என்ன ஆவேன்? பேசாமல் எழுதுவதையே நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: நிறுத்திவிடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக நிறுத்தலாம். நாட்குறிப்பு எழுதுவது யாருக்கும் கடமையில்லை. பேசியும் நடந்தும் பாடியும் தங்கள் மனத்தைச் சீர்ப்படுத்திக்கொள்ளும் மனிதர்கள் ஏராளமானோர் இருக்கிறார்கள், எழுதாததால் அவர்களுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. ஆனால் எழுத்து பிடிக்காமல் போய்விட்டதால் நீங்கள் நிறுத்த நினைக்கவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இங்கே சுருக்கித் தந்திருக்கும் உங்கள் கடிதம் உண்மையில் பல பக்கங்கள் நீளமானது. அடித்தல் திருத்தல் அதிகமின்றி, இடையிடையே உங்களை நீங்களே கேலி செய்துகொள்ளும் குறும்புடன் ஓடுகிறது. முன்பின் அறியாத ஒருவருக்கு இவ்வளவு சரளமாக எழுத முடிந்த உங்களால் சொந்த நோட்டில் நான்கு வரி எழுத முடியவில்லை என்றால், கோளாறு எழுதும் திறனிலோ ஒழுக்கத்திலோ இருக்க வாய்ப்பில்லை. அந்த நோட்டை யார் படிப்பதாக எண்ணிக்கொண்டு எழுதுகிறீர்கள் என்பதில்தான் அதைத் தேட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பதிவில் ஐந்து வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றில் நடந்த சம்பவம் என்று ஒன்றே ஒன்றுதான், அக்காவுடனான தொலைபேசிப் பேச்சு. முதல் வாக்கியம் எழுதாமல் இருந்ததற்கான வாக்குமூலம். மீதி மூன்றும் தீர்ப்புகள். அந்தப் பேச்சில் என்ன நடந்தது, அக்கா என்ன கேட்டார், உங்களுக்குள் எது பற்றிக்கொண்டது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆக, நாள் முடிவில் நீங்கள் நோட்டைத் திறப்பது நடந்ததைச் சொல்வதற்காக அன்று, தண்டனை பெறுவதற்காக. தினமும் தண்டனை கிடைக்கும் இடத்துக்கு எந்த மனமும் விரும்பிப் போகாது. ஏதாவது ஒரு நாள் களைப்பைச் சாக்காக வைத்து நழுவிவிடும். அப்படி நழுவியதே மறுநாள் புதிய குற்றமாகச் சேர்ந்துகொள்ள, திறப்பது இன்னும் கடினமாகிறது. நீங்கள் சோம்பேறித்தனம் என்று பெயரிட்டிருப்பது, என் பார்வையில், இந்தத் தவிர்ப்புதான். ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி காண்பதும் இதுவே. உழைப்புக்கு அஞ்சாதவர்கள், அலுவலக அறிக்கைகளைக் குறித்த நேரத்துக்கு முன்பே முடிப்பவர்கள், தங்கள் சொந்த நோட்டைக் கண்டால் மட்டும் ஒளிந்துகொள்கிறார்கள்.

கடிந்துகொள்ளும்போதே இந்த லட்சணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிந்துகொள்ளல்தான் உங்களை இவ்வளவு தூரமாவது கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆய்வுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வோலும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட முதலாமாண்டு மாணவர்களைக் கவனித்தார்கள். தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன்பு குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட பரிசோதனைகளில் ஒன்றும் இதே பக்கம்தான் சாய்கிறது. கடினமான ஒரு தேர்வை எழுதி முடித்தவர்களில் ஒரு பகுதியினரிடம், இது பலருக்கும் கடினமாகத்தான் இருக்கும், உங்களிடம் நீங்களே அதிகக் கடுமை காட்டாதீர்கள் என்று சொல்லப்பட்டது. அப்படிச் சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். காரணம் புரிந்துகொள்ள முடியாததல்ல. வெட்கம் மனிதரை மறைந்துகொள்ளத் தூண்டுகிறது. மறைந்துகொண்டவரால் தன் தவறைப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாது. நீங்கள் இதுவரை எழுதிய பக்கங்களெல்லாம் அந்தக் கடிந்துகொள்ளலையும் மீறி எழுதப்பட்டவை என்றே நான் கருதுகிறேன்.

விட்டுப்போன நாள் என்ற ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் நோட்டுகள் அத்தனையும் மூடப்பட்டது அந்த நாளில்தான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரங்கள் பின்தொடர்ந்து, ஒரு புதிய செயல் எப்படிப் பழக்கமாகிறது என்று பார்த்தார்கள். அது எழுத்தைப் பற்றிய ஆய்வு இல்லை. உணவு, நீர் அருந்துதல், உடற்பயிற்சி போன்ற எளிய செயல்களைப் பற்றியது. ஒரு செயல் யோசிக்காமலேயே நடக்கும் நிலையை எட்ட ஒருவருக்கு 18 நாட்களும் இன்னொருவருக்கு 254 நாட்களும் ஆகும் என்று அவர்களின் கணக்கு காட்டியது. நடு அளவு 66 நாட்கள். எத்தனையோ இடங்களில் ஓதப்படும் 21 நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குள் பழகாத தன்னைத் தானே நொந்துகொள்பவர்கள் இந்த இடைவெளியின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, இடையில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. விட்டுப்போன நாள் தன்னளவில் எதையும் கெடுப்பதில்லை. அதற்கு அடுத்த நாள் நீங்கள் உங்களிடம் பேசும் முறைதான் கெடுக்கிறது.

ஆகவே உங்களுக்கு நான் தரும் விதிகளில் இதுவொன்றே கண்டிப்பானது. எத்தனை நாள் இடைவெளி விழுந்திருந்தாலும், திரும்பி வரும்போது அன்றைய தேதியை மட்டும் போட்டுவிட்டு அன்றைய செய்திக்குப் போய்விடுங்கள். ஏன் எழுதவில்லை என்ற விளக்கம் வேண்டாம், இனித் தவறாமல் எழுதுவேன் என்ற உறுதிமொழியும் வேண்டாம். விட்ட நாட்களின் செய்திகளை ஒட்டுமொத்தமாக எழுதித் தீர்க்கவும் முயல வேண்டாம். அந்தக் கடன் சுமையே பலரைத் திரும்ப வரவிடாமல் செய்கிறது. புது நோட்டு வாங்குவதையும் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வையுங்கள். அலமாரியில் இருப்பவற்றில் கைக்கு வந்ததை எடுத்து, பழைய பதிவு முடிந்த இடத்துக்கு அடுத்த வரியிலேயே இன்றைய தேதியைப் போடலாம். மேலே இரண்டாண்டுக்கு முந்தைய தேதியும் கீழே இன்றைய தேதியும் ஒரே பக்கத்தில் இருந்தால் பார்க்கச் சற்று விநோதமாகத்தான் இருக்கும். அந்த விநோதத்துக்குக் கண் பழகட்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். (அழகிய அட்டை போட்ட, விலையுயர்ந்த நோட்டுகளின் மீது எனக்குத் தனிப்பட்ட சந்தேகம் ஒன்று உண்டு. தன் எழுத்து இதற்குத் தகுதியானதா என்ற கேள்வியை அவை முதல் பக்கத்திலேயே எழுப்பிவிடுகின்றன.)

உங்கள் தோழி சொன்னதற்கு வருகிறேன். தன்மீது பரிவு காட்டுவது என்றால் செய்த பிழையைச் செய்யவில்லை என்று மழுப்புவது என்றுதான் நீங்கள் புரிந்துகொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. இந்தத் துறையில் 2003-இலிருந்து தொடர்ந்து எழுதிவரும் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், இந்தப் பரிவை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறார்: தன்னைக் குதறாமல் தன்னிடம் கனிவாக இருப்பது, பிழையும் துன்பமும் எல்லா மனிதர்களுக்கும் பொதுவானவை என்று உணர்வது, வலியை அடக்காமலும் ஊதிப் பெருக்காமலும் உள்ளபடி கவனிப்பது. மூன்றாவது கூறு இருக்கும்வரை மழுப்பலுக்கு இடமில்லை, ஏனென்றால் அக்காவிடம் எரிந்து விழுந்ததும் உள்ளபடி பார்க்கப்பட வேண்டியவற்றில் ஒன்றுதான். இரண்டாவது கூறு இருக்கும்வரை கழிவிரக்கத்துக்கும் இடமில்லை. உலகத்தில் தனக்கு மட்டுமே இப்படி நடக்கிறது என்ற எண்ணத்தில்தான் கழிவிரக்கம் வளர்கிறது. உங்கள் பதிவில் "எப்போதும் இப்படித்தான்" என்ற வரியைப் பாருங்கள். கண்டிப்பான குரலில் சொல்லப்பட்டிருந்தாலும் அது உள்ளபடி பார்த்துச் சொன்ன வரி இல்லை. எல்லா நாளும் நீங்கள் அக்காவிடம் எரிந்து விழுபவராக இருந்தால் அன்றைய நிகழ்ச்சி உங்களை இவ்வளவு உறுத்தியிருக்காது. கடுமையாக இருப்பதாலேயே ஒரு வரி உண்மையாகிவிடாது என்பதை, தன்னைத் தானே ஏசிக்கொள்பவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

இதை நோட்டில் எப்படிச் செய்வது? எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ், ஒரே கவலையை மனம் அசைபோடும் விதத்தைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்து வருபவர். நான் ஏன் இப்படி இருக்கிறேன், இது என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்ற பொதுப்படையான கேள்விகள் மனத்தை ஒரே இடத்தில் சுழலவிடுகின்றன. என்ன நடந்தது, எந்தக் கணத்தில், எப்படி நடந்தது என்ற குறிப்பான கேள்விகள் சுழற்சியைத் தளர்த்துகின்றன என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம். உங்கள் வீட்டில் அன்று நடந்தது எனக்குத் தெரியாது என்பதால், ஒரு மாதிரிக்காக நானே கற்பனை செய்து எழுதிக் காட்டுகிறேன்:

"மாலை ஆறரை மணிக்கு அக்கா அழைத்தார். அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கடன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டார். நேற்றும் கேட்டிருந்தார். இரண்டு முறை பதில் சொன்னேன். மூன்றாவது முறை, உங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று கத்திவிட்டேன். சற்று நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, சரி, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று நானே பயந்துகொண்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. நாளை மதியம் அழைக்க வேண்டும்."

இதில் பாராட்டு இல்லை, ஆறுதல் மொழி இல்லை, கத்தியது நியாயம் என்ற வாதமும் இல்லை. கத்தியது கத்தியதாகவே, சொன்ன சொற்களுடன் பதிவாகியிருக்கிறது. நீங்கள் எழுதிய "எரிந்து விழுந்தேன்" என்பதைவிட இது தப்பிக்க இடமில்லாத வாக்கியம். ஆனாலும் அந்தப் பையும், நேற்றும் அதே கேள்வி வந்ததும், உள்ளே ஒளிந்திருந்த பயமும் அதன் பக்கத்திலேயே நிற்கின்றன. இதே நிலையில் இன்னொருவர் இருந்திருந்தால் அவருக்கு நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய இடத்தை இந்த விவரங்கள் உங்களுக்கும் கொடுத்துவிடுகின்றன. தன்னிடம் பரிவாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்து இனிப்பான வாக்கியங்களைத் தேடுபவர்களுக்கு அவை வாயில் ஒட்டுவதில்லை. எழுதும்போதே பொய் என்று தெரிந்துவிடும். விவரமாக எழுதுவது போதும். பரிவுக்காகத் தனியே பெரிய முயற்சி எதுவும் தேவைப்படாது. கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டிய ஒரு காரியம் தானாக வந்து நிற்பதையும் கவனித்திருப்பீர்கள். "என்னைத் திருத்தவே முடியாது" என்ற வரிக்குப் பிறகு அப்படியொரு வரி வருவதற்கு வழியே இல்லை.

தீர்ப்பு வரிகள் தாமாக வந்து விழும் நாட்களும் இருக்கும். வந்தால் அடிக்காதீர்கள், எழுதிவிட்டு, அதற்குக் கீழே என்ன நடந்தது என்று தொடருங்கள். மிகவும் தத்தளிக்கும் நாளில் உங்கள் பெயரைச் சொல்லியே, வேறொருவரைப் பற்றி எழுதுவதைப் போல எழுதிப் பார்க்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றம் தரும் ஒரு வேளையில் தன்னிடம் 'நான்' என்று பேசாமல் தன் பெயரால் பேசிக்கொண்டவர்கள் குறைவான கலக்கத்துடன் அதை எதிர்கொண்டார்கள். இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு நாடகத்தனமாகப் படும். அப்படிப் பட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரே புலம்பல் என்று கூச்சப்படுகிறீர்கள். உணர்ச்சிகளை எழுதுவதைப் பற்றிய முதல் பெரிய பரிசோதனையை ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள் தங்கள் வாழ்வின் கசப்பான அனுபவங்களைப் பற்றி எழுதினார்கள். இவ்வகைப் பரிசோதனைகளில் எழுதுபவர்களிடம் இலக்கணத்தையும் எழுத்துப் பிழையையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் சிகிச்சைக்காக மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பின்னால் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சராசரியாகச் சிறியது என்று தெரிந்தது. எனவே எழுத்தை ஒரு சர்வரோக நிவாரணியாக யாராவது உங்களிடம் விற்றால் நம்ப வேண்டாம். பென்னிபேக்கர் குழுவினர் அந்தப் பக்கங்களின் சொற்களையே பின்னர் எண்ணிப் பார்த்தார்கள். அதிகம் பயனடைந்தவர்களின் எழுத்தில் 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' என்பன போன்ற, காரணத்தையும் புரிதலையும் காட்டும் சொற்கள் நாளுக்கு நாள் கூடிவந்தன. முதல் நாள் புலம்பலாக இருந்ததில் தவறேதும் இல்லை. உங்கள் நோட்டுகளோ முதல் நாளின் புலம்பலைத் தாண்டி நகர்வதற்குள் மூடப்பட்டுவிட்டன, அல்லது கிழிக்கப்பட்டுவிட்டன.

கிழிப்பதை நான் மொத்தமாகத் தடுக்கவும் இல்லை. பிறர் கண்ணில் படும் என்ற அச்சம் நியாயமானது, அந்த அச்சத்தோடு எழுதும் கை எப்போதும் பாதியை விழுங்கிவிடும். அதனால் மிகவும் அந்தரங்கமானவற்றைத் தனித் தாளில் எழுதி, முடித்த கையோடு கிழித்துவிடுவது என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வதால் கிடைக்கும் பயனைவிட, மறைக்காமல் எழுதுவதால் கிடைப்பது பெரிது. எழுதிய பின் அருவருப்பு தாங்காமல் கிழிப்பது வேறு விஷயம், அதை மட்டும் தள்ளிப்போடுங்கள். எழுதியதை அன்றே திரும்பப் படிக்காமல் இருந்தால் அதற்கான தேவையே பெரும்பாலும் எழாது. ஒரு மாதமாவது போகட்டும்.

எவ்வளவு எழுதுவது, எப்போது எழுதுவது என்பதில் எனக்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. மூன்று வாக்கியம் போதும். பக்கக் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பேனாவோ கைப்பேசியோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அது. கால் மணி நேரத்தைத் தாண்டி எழுதினால், உங்களைப் போன்று தன்னைத் துருவுபவர்களுக்கு அது மறுபடியும் அசைபோடலில் போய் முடியக்கூடும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடிவிடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். கசப்பானவற்றை எழுதி முடித்தவுடன் மனம் சற்றுக் கனத்துப்போவது இயல்பு. 1986 பரிசோதனையிலும் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது, பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். எழுத எழுதத் தாங்க முடியாமல் போனால் அந்த விஷயத்தை அங்கேயே விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றி எழுதுங்கள், அல்லது எழுந்துவிடுங்கள். முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே கிடந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே யாரிடமாவது சொல்லி உடனே உதவி பெறுங்கள். அந்த நிலையில் நோட்டு போதாது, அது உங்கள் குறையும் இல்லை. அப்படிப் போக நேர்ந்தால் நோட்டுகளையெல்லாம் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை; நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு பக்கத்தைக் காட்டலாம், விருப்பமில்லை என்றால் அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாய்விட்டுப் பேசலாம்.